இகாலுயிட் – நூக்: 820 கிலோமீட்டரைக் கடக்க எத்தனை கிலோமீட்டர்?

கனடாவின் நூனவுட் ஆட்சிப்பகுதியின் தலைநகர் இகாலுயிட். டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான கிரீன்லாந்தின் தலைநகர் நூக். இவ்விரு பெயர்களையும் ஏதேனும் ஒரு தூரக் கணிப்பானில் இட்டால், ஏறத்தாழ 820 கிலோமீட்டர் என்றும், பறக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றும் உடனே விடை வரும். சாலை வழியைக் கேட்டால் வழி இல்லை என்று வரும். சாலை பற்றிய விடை முழு உண்மை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே டேவிஸ் நீரிணை கிடக்கிறது. அது போதாதென்று, இரண்டு ஊர்களுமே தத்தம் நாட்டின் வேறு எந்த ஊரோடும் சாலையால் இணைக்கப்படாதவை. நூனவுட்டின் 25 ஊர்களில் எந்த இரண்டுக்கும் இடையில் நெடுஞ்சாலை கிடையாது. கிரீன்லாந்தின் நகரங்களும் அப்படியே. பறக்கும் நேரம் பற்றிய விடையைத்தான் சற்றுப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இயற்பியல்படி அது ஏறக்குறையச் சரி, பயணியின் அனுபவப்படி அது பல ஆண்டுகள் முற்றிலும் தவறாக இருந்தது.

முதலில் தூரம். இகாலுயிட் வட அகலாங்கு 63.75 பாகையிலும் நூக் 64.18 பாகையிலும் உள்ளன. கிட்டத்தட்ட ஒரே அகலாங்கு. நெட்டாங்கில்தான் வேறுபாடு: ஏறத்தாழ 17 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை நெட்டாங்கு 111 கிலோமீட்டர் அகலம் கொண்டது, ஆகவே அங்கே இதே 17 பாகை 1,880 கிலோமீட்டருக்கு நீளும். நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்குவதால், 64ஆம் அகலாங்கில் ஒரு பாகையின் அகலம் 49 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பள்ளிச் சுவரில் தொங்கும் மெர்க்கேட்டர் வகை உலகப்படம் இந்தச் சுருக்கத்தைக் காட்டுவதில்லை. அந்த அகலாங்கில் அது நிலத்தையும் கடலையும் இரண்டேகால் மடங்குக்கும் மேலாக இழுத்துக் காட்டுகிறது. அந்தப் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு டேவிஸ் நீரிணை ஒரு பெருங்கடலாகத் தெரிவதில் வியப்பில்லை. உண்மையில் அதன் மிகக் குறுகிய பகுதியின் அகலம் முந்நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது.

வடக்கு வான்வழிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உருண்டையின்மேல் அமைந்த மிகக் குறுகிய பாதையான பெருவட்டப் பாதையை ஒரு மந்திரம் போலச் சொல்வது வழக்கம். இந்த வழியில் அதற்குப் பெரிய வேலை இல்லை. இரண்டு ஊர்களையும் இணைக்கும் பெருவட்டம் அகலாங்குக் கோட்டைவிட இருபத்தைந்து கிலோமீட்டர் அளவு வடக்கே வளைந்து செல்கிறது. அதனால் மிச்சமாவது இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர்தான். நீண்ட கண்டம் தாண்டும் பயணங்களில்தான் அந்த வளைவு மணிக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து நேரம். கணிப்பான்கள் பொதுவாக மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வரையிலான ஜெட் விமான வேகத்தை எடுத்துக்கொண்டு, ஏறவும் இறங்கவும் அரைமணி நேரத்தைச் சேர்த்துவிடுகின்றன. ஆனால் இந்த வழியில் அண்மைக் காலங்களில் பறந்தது டாஷ் 8 வகையின், விசிறியால் இயங்கும் சிறிய டர்போபிராப் விமானம். 37 இருக்கைகள், இரண்டு விசிறிகள், மணிக்கு 530 கிலோமீட்டர் அளவிலான வேகம். அந்த வேகத்தில் 820 கிலோமீட்டரைக் கடக்க 93 நிமிடம் தேவை. தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைவது, மேலேறுவது, இறங்குமுறைக்காகச் சுற்றி வருவது ஆகியவற்றைச் சேர்த்தால் இரண்டு மணி நேரத்தை நெருங்கும். மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் ஜெட் விமானம் இதே வானத்தில் அரைமணி நேரத்தை மட்டுமே மிச்சப்படுத்தும். குறுகிய வழிகளில் வேகம் அவ்வளவு பெரிய லாபம் அல்ல என்பதும், எரிபொருள் செலவில் டர்போபிராப் சிக்கனமானது என்பதும், வடக்கில் இவ்வகை விமானங்கள் இன்றும் நிலைத்திருப்பதற்கான காரணங்களில் அடங்கும்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இந்த அகலாங்குகளில் மேல்வானக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது வீசுகிறது என்று வைத்துக்கொண்டால், கிழக்கே நூக்கை நோக்கிச் செல்லும்போது தரைவேகம் 590 ஆகி, வானில் கழியும் நேரம் 83 நிமிடமாகக் குறையும். திரும்பும்போது தரைவேகம் 470 ஆகி, நேரம் 105 நிமிடமாகக் கூடும். போகவும் வரவும் ஒரே தூரம், ஆனால் இருபத்திரண்டு நிமிட வேறுபாடு. ஜெட் விமானத்துக்கு இதே காற்று இவ்வளவு பெரிய விகிதத்தில் உதவவோ தடுக்கவோ செய்யாது. மெதுவாகப் பறப்பதன் விலையை எதிர்க்காற்றே வசூலித்துக்கொள்கிறது.

அட்டவணையில் தெரியாத, ஆனால் விமானி புறப்படுமுன் முதலில் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. சேரும் ஊரில் இறங்க முடியாவிட்டால் எங்கே போவது என்பதே அது. தெற்கே, நகரங்கள் நெருங்கிக் கிடக்கும் நாடுகளில், மாற்று விமான நிலையம் பத்துப் பதினைந்து நிமிடத் தொலைவில் இருக்கும். இகாலுயிட்டில் பனிப்புயல் வந்துவிட்டால், நல்ல ஓடுபாதையும் வசதிகளும் கொண்ட தெற்குத் திசை மாற்று நிலையங்களில் ஒன்று கியூபெக்கின் வடபகுதியிலுள்ள கூஜுவாக். அது ஏறத்தாழ 630 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இகாலுயிட் அமைந்துள்ள பாபின் தீவிலேயே அருகில் ஊர்கள் உண்டு என்றாலும், அவற்றின் சரளை ஓடுபாதைகள் குறுகியவை. மலைகளுக்கு நடுவே அமைந்தவை. பெரும்பாலும் அதே புயலுக்குள்ளேயே இருப்பவை. ஆகவே நூக்கிலிருந்து இகாலுயிட்டுக்குப் புறப்படும் விமானம், ஒரு மோசமான நாளில், 820 கிலோமீட்டருக்கான எரிபொருளை மட்டும் அல்லாமல், அதன்மேல் 630 கிலோமீட்டருக்கும், அதற்கும் மேல் அரைமணி நேரமோ அதற்கு அதிகமோ வானில் வட்டமிடுவதற்கும் தேவையான எரிபொருளைச் சுமக்க வேண்டும். எதிர்த்திசையில் நிலைமை கொஞ்சம் எளிது: நூக்கில் இறங்க முடியாவிட்டால் 317 கிலோமீட்டர் வடக்கே கங்கர்லுசுவாக்கில் 2,800 மீட்டர் நீள ஓடுபாதை இருக்கிறது.

எரிபொருள் என்பது எடை. 37 இருக்கை விமானத்தில் கூடுதலாக ஏறும் ஒவ்வொரு நூறு கிலோ எரிபொருளும் ஒரு பயணியையோ அவருடைய பெட்டிகளையோ இறக்கிவிடும் வாய்ப்பு கொண்டது. வடக்கில் பயணம் செய்தவர்கள் “நான் வந்துவிட்டேன், பெட்டி அடுத்த வாரம் வரும்” என்று சிரித்துக்கொண்டே சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் அலட்சியம் இருப்பதில்லை. தொலைவில் இருக்கும் மாற்று ஓடுபாதை ஒன்று இருக்கிறது.

வானிலையிலும் இரு கரைகளும் ஒன்றல்ல. கிரீன்லாந்தின் மேற்குக் கரையோரமாக ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பான நீரோட்டம் வடக்கே செல்வதால் நூக் துறைமுகம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது; ஜனவரியில் அங்கே சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே எட்டுப் பாகை அளவில் நிற்கும். பாபின் தீவின் கரையோரமாகத் தெற்கே இறங்கும் நீரோட்டமோ ஆர்க்டிக்கின் குளிரைச் சுமந்து வருவது. அதே அகலாங்கில், அதே மாதத்தில், இகாலுயிட்டின் சராசரி உறைநிலைக்குக் கீழே இருபத்தேழு பாகையை ஒட்டியது. அதன் விரிகுடா ஆண்டின் பாதிக்கும் மேல் உறைந்து கிடக்கிறது. இதனால் கோடையிலும் தொல்லை தீர்வதில்லை. ஈரக்காற்று குளிர்ந்த நீரின்மேல் நகரும்போது மூடுபனி உருவாகிறது. நூக்கில் மலைகளும் பலத்த காற்றும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன.

கடிகாரம் செய்யும் வேடிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 17 பாகை நெட்டாங்கு என்பது சூரியக் கணக்கில் ஒரு மணி எட்டு நிமிடத்துக்குச் சமம். ஆனால் இகாலுயிட் ஒட்டாவாவோடும் டொரன்டோவோடும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. கிரீன்லாந்தோ 2023இல் தன் நேரத்தை ஐரோப்பாவை நோக்கி ஒரு மணி நேரம் நகர்த்திக்கொண்டது. விளைவு, இரண்டு ஊர்களுக்கும் இடையே இன்று மூன்று மணி நேர வேறுபாடு. காலை பத்து மணிக்கு இகாலுயிட்டில் புறப்படுபவர் இரண்டு மணி நேரம் பறந்து நூக்கில் பிற்பகல் மூன்று மணிக்கு இறங்குவார். நூக்கில் நண்பகலில் புறப்படுபவர் இகாலுயிட்டில் காலை பதினொரு மணிக்கு, அதாவது புறப்பட்டதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, வந்து சேர்ந்துவிடுவார். ஒரு கடிகாரம் தெற்கைப் பார்த்து ஓடுகிறது, மற்றது கிழக்கைப் பார்த்து ஓடுகிறது. விமான வழிகளும் நெடுங்காலம் அப்படியே ஓடின.

நேரடி விமானம் இல்லாத ஆண்டுகளில் இகாலுயிட்டிலிருந்து நூக்குக்குப் போக விரும்பியவரின் வழியைப் பார்ப்போம். முதலில் தெற்கே ஒட்டாவாவுக்கு 2,100 கிலோமீட்டர்; அதற்கே மூன்று மணி நேரம். அங்கிருந்து டொரன்டோ, டொரன்டோவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்கு 6,270 கிலோமீட்டர், கோபன்ஹேகனிலிருந்து வந்த வழியே பாதிக்கு மேல் திரும்பி கங்கர்லுசுவாக்குக்கு 3,430 கிலோமீட்டர், அங்கே சிறிய விமானத்துக்கு மாறி நூக்குக்கு இன்னும் 317 கிலோமீட்டர். கூட்டினால் ஏறத்தாழ 12,500 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. ஐஸ்லாந்து வழியாகப் போனால் இது 8,000 கிலோமீட்டராகக் குறையும். அதுவும் நேர்த்தூரத்தைப்போல் பத்து மடங்கு. இடைத்தங்கல்களைச் சேர்த்தால் இரண்டு நாள், சில வேளை மூன்று நாள். கனடாவிலிருந்து போகிறவருக்குக் கிரீன்லாந்து, தாண்டிச் சென்று, பிறகு திரும்பி வந்து சேர வேண்டிய இடமாக இருந்தது.

இதற்குக் கடலின் அகலம் காரணம் அல்ல. வான்வழிகள் எந்தத் தலைநகரை நோக்கி அமைக்கப்பட்டன என்பதே காரணம். நூனவுட்டின் கிழக்குப் பகுதிக்கு மருத்துவமும் உணவும் அரசு ஊழியரும் ஒட்டாவா வழியாகவே வந்தனர். கிரீன்லாந்துக்கு அவை கோபன்ஹேகன் வழியாக வந்தன. 7,400 பேர் வாழும் இகாலுயிட்டும், இருபதாயிரம் பேரை நெருங்கும் நூக்கும், தம்மைவிடப் பல மடங்கு பெரிய ஊரோடு இணைக்கப்படுவதில் பொருளாதாரக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் வணிகக் கணக்கு மட்டுமே இதைத் தீர்மானித்தது என்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம், ஏனென்றால் இந்த நீரிணையை விமானங்கள் எளிதாகத் தாண்டிய காலம் ஒன்று இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா தன் போர் விமானங்களை வடக்கு வழியாக பிரிட்டனுக்குக் கொண்டுசெல்ல ஒரு தொடர் தளங்களைத் திட்டமிட்டது. அன்று ஃப்ரோபிஷர் பே என்று அழைக்கப்பட்ட இகாலுயிட்டின் விமானத்தளம் 1942இல் அந்தத் திட்டத்துக்காகவே கட்டப்பட்டது. நீரிணையின் மறுகரையில், 900 கிலோமீட்டர் தொலைவில், 1941இலேயே தொடங்கப்பட்ட தளம்தான் இன்றைய கங்கர்லுசுவாக். ஆக, இவ்விரண்டு ஓடுபாதைகளும் ஒரே வழியின் அடுத்தடுத்த படிகளாகவே பிறந்தவை. போருக்குப் பின், நீண்ட தூரம் ஒரே மூச்சில் பறக்க முடியாத அந்தக் கால விமானங்கள் எரிபொருள் நிரப்ப இத்தளங்களில் இறங்கின. 1954இல் கோபன்ஹேகனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குத் தொடங்கிய ஸ்காண்டிநேவிய விமான சேவை கங்கர்லுசுவாக்கில் நின்றே சென்றது. ஜெட் விமானங்கள் நீளமாகப் பறக்கத் தொடங்கியதும் கண்டம் தாண்டும் பயணிகள் இவ்வூர்களுக்கு மேலே பறந்து போய்விட்டார்கள். தளங்கள் மிஞ்சின, அவற்றை இணைத்த வழி மறைந்தது.

கங்கர்லுசுவாக்கின் நீண்ட ஓடுபாதையால் நூக்குக்கு இன்னொரு சிக்கலும் வந்தது. 1979இல் திறக்கப்பட்ட நூக் விமான நிலையத்தின் ஓடுபாதை ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. சிறிய டர்போபிராப் விமானங்களுக்கு மேல் எதுவும் அங்கே இறங்க இயலவில்லை. வெளியுலகிலிருந்து வந்த பெரிய விமானம், சில நூறு பேரே வாழும் கங்கர்லுசுவாக்கில் இறங்கியது. நாட்டின் தலைநகருக்குப் போவோர் அங்கே இறங்கி மாற வேண்டியிருந்தது. இகாலுயிட்டின் ஓடுபாதையோ போர்க்காலத் தளத்தின் மரபால் 2,600 மீட்டர் நீளம் கொண்டது. 2006இல் ஏர்பஸ் நிறுவனம் தன் ஏ380 மாபெரும் விமானத்தைக் கடுங்குளிரில் சோதிக்க அங்கேதான் கொண்டுவந்தது. உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானம் இறங்கக்கூடிய ஓரூரும், நாற்பது பேர் விமானத்தோடு நின்றுவிடும் ஓரூருமாக இரண்டு தலைநகரங்கள் எதிரெதிரே இருந்தன.

இரு கரைகளிலும் வாழ்பவர்கள் பெரும்பான்மையும் இனுயிட் மக்கள். ஒரு கரையின் இனுக்டிடுட் மொழியும் மறுகரையின் கலாலிசுட் மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இங்கே ‘இக்லு’ என்றால் வீடு, அங்கே ‘இல்லு’ என்றால் வீடு. முன்னது பெரும்பாலும் அசை எழுத்துகளிலும் பின்னது உரோம எழுத்துகளிலும் எழுதப்படுகிறது. 1850களிலும் 60களிலும் கிட்லார்சுவாக் என்ற தலைவர் பாபின் தீவிலிருந்து ஒரு கூட்டத்தை நாய்ச்சறுக்கு வண்டிகளில் அழைத்துக்கொண்டு பல ஆண்டுகள் பயணம் செய்து வடமேற்குக் கிரீன்லாந்தை அடைந்தார். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். 2022 ஜூனில் கனடாவும் டென்மார்க் அரசும் ஹான்ஸ் தீவு என்னும் ஒன்றேகால் சதுரக் கிலோமீட்டர் பாறையை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டதால் இரு நாடுகளுக்கும் நில எல்லைகூட உண்டாகிவிட்டது. அந்த நில எல்லை வந்தபோதும் இரு தலைநகரங்களுக்கும் இடையே விமானம் இருக்கவில்லை.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஃபர்ஸ்ட் ஏர் என்ற கனடிய நிறுவனம் இகாலுயிட்டையும் கங்கர்லுசுவாக்கையும் இணைத்துப் பறந்தது. 2012இல் ஏர் கிரீன்லாந்து நூக்கிலிருந்தே இகாலுயிட்டுக்குக் கோடைகால சேவையைத் தொடங்கி, 2014 வரை நடத்தி நிறுத்தியது. பிறகு பத்தாண்டு இடைவெளி. 2024 ஜூன் இறுதியில், கனடியன் நார்த் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, அதே ஏர் கிரீன்லாந்து, அதே டாஷ் 8 விமானத்தோடு, வாரம் ஒருமுறை அக்டோபர் வரை என்ற அளவில் வழியை மீண்டும் திறந்தது.

அதே ஆண்டு நவம்பர் 28 அன்று நூக்கில் 2,200 மீட்டர் நீளமுள்ள புதிய ஓடுபாதை திறக்கப்பட்டது. கோபன்ஹேகனிலிருந்து வரும் ஏர்பஸ் ஏ330 நேராகத் தலைநகரிலேயே இறங்கத் தொடங்கியது. 2025 ஜூனில் யுனைடெட் நிறுவனம் நியூயார்க்கை அடுத்த நியூவர்க்கிலிருந்து நூக்குக்குக் கோடைகால விமானத்தைத் தொடங்கியது. இதனால் இகாலுயிட்வாசிக்கு இன்னொரு சுற்றுவழி கிடைத்தது: ஒட்டாவா, நியூவர்க், நூக் என்று ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். 12,500 என்பது 8,000 ஆகி, 8,000 என்பது 5,600 ஆகியிருக்கிறது. நிலவரைபடத்தில் ஓரங்குலம்கூட மாறவில்லை.

இனி எஞ்சியிருப்பது, விமானம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்ற கேள்வி. வாரம் ஒருமுறை வரும் விமானத்தைப் பொறுத்தவரை, இரண்டு மணி நேரம் என்ற பறக்கும் நேரம் பயணத்தின் மிகச் சிறிய பகுதி. ஏதோ ஒரு நாளில் போக வேண்டும் என்ற தேவை எழுந்தால், அடுத்த விமானத்துக்குச் சராசரியாக மூன்றரை நாள் காத்திருக்க வேண்டும். விமானம் அன்றே வந்து அன்றே திரும்புவதால், இரண்டு நாள் கூட்டத்துக்குப் போகிறவரும் ஒரு வாரம் தங்கியாக வேண்டும். ஒரு வார விடுதிச் செலவு பயணச்சீட்டின் விலையோடு போட்டியிடும். அந்தச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கும் பயணி பின்வாங்குகிறார். பயணிகள் குறைவதைப் பார்க்கும் நிறுவனம் இரண்டாவது விமானத்தைச் சேர்க்கத் தயங்குகிறது. விமானங்கள் குறைவு என்பதால் பயணிகள் குறைவு, பயணிகள் குறைவு என்பதால் விமானங்கள் குறைவு என்ற இந்தச் சுழலில்தான் சிறிய வழிகள் பெரும்பாலும் மடிகின்றன. அரசுகளின் துணையில்லாமல் இத்தகைய வழி தொடக்க ஆண்டுகளைத் தாண்டுவது கடினம்.

அதோடு வானிலையும் சேரும்போது கணக்கு இன்னும் கூர்மையாகிறது. நாளுக்கு மூன்று விமானங்கள் உள்ள வழியில் மூடுபனியால் ஒன்று ரத்தானால் பயணி மாலை விமானத்தில் போய்விடுவார். வாரத்துக்கு ஒன்றே உள்ள வழியில், மறுநாளே ஒரு மாற்று விமானம் அனுப்பப்படாவிட்டால், நியூவர்க் விமானமும் இல்லாத நாளில், நூக்கில் நிற்கும் இகாலுயிட் பயணிக்கு இரண்டே தேர்வுகள்: அடுத்த வாரம் வரை அங்கேயே இருப்பது, அல்லது 820 கிலோமீட்டர் மேற்கே உள்ள வீட்டுக்குப் போவதற்காக ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கை நோக்கிக் கிழக்கே 1,400 கிலோமீட்டர் பறந்து பயணத்தைத் தொடங்குவது.